தற்கொலை எண்ணம் வருமாமே, மாத்திரையை நிறுத்திவிடலாமா?

கொளத்தூரிலிருந்து ஒரு தாய் கேட்டிருந்தார். அவர் எழுதியதன் சுருக்கம் இது:

"ஒரே மகள், 19 வயது, கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. நாலு மாதமாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை, காலேஜுக்குப் போவதையும் விட்டுவிட்டாள். மனநல மருத்துவர் டிப்ரஷன் என்று சொல்லி எஸ்சிடலோபிராம் எழுதிக் கொடுத்தார். ஆறு நாளாகப் போடுகிறாள். நேற்று ராத்திரி போனில் எதையோ படித்துவிட்டு, 'அம்மா, இதைப் போட்டா செத்துடணும்னு தோணுமாமே'ன்னு கேட்டாள். எனக்குக் கை கால் ஓடவில்லை. மாமனார் மாத்திரையைத் தூக்கிக் குப்பையில் போடு என்கிறார். அடுத்து டாக்டரைப் பார்ப்பது ஒரு மாதம் கழித்துத்தான். அது உண்மையா? நிறுத்திவிடலாமா? அவளிடம் என்ன சொல்வது?"

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன் அம்மா. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். நாளைக் காலையில் அந்த டாக்டரின் கிளினிக்குக்கு போன் போட்டு, உங்கள் மகள் சொன்ன வாக்கியத்தை அப்படியே சொல்லி, இந்த வாரத்துக்குள் ஒரு நேரம் கேளுங்கள். "ஒரு மாசம் கழிச்சு வரச் சொல்லியிருக்காங்க" என்று கவுன்ட்டரில் யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். இன்று ராத்திரியே அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கேள்வி கேட்க வேண்டும். அதை எப்படிக் கேட்பது என்று கீழே எழுதியிருக்கிறேன். அவள் சொல்லும் பதில் உங்களைப் பயமுறுத்தினால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். சென்ட்ரல் எதிரே உள்ள ஜி.எச்., ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி என்று எந்தப் பெரிய அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கும் எந்த நேரத்திலும் கூட்டிக்கொண்டு போகலாம். அதுவரை அவளைத் தனியாக விடக் கூடாது.

இனி உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். உண்மைதான். 'சும்மா நெட்டில் எவனோ கிளப்பிவிட்டது' என்று நான் சொன்னால் உங்களுக்கு இன்றைக்குத் தூக்கம் வரும். ஆனால் அது பொய்யாகிவிடும். அமெரிக்காவில் இந்த வகை மாத்திரைகள் எல்லாவற்றின் விவரத் தாளிலும் முதல் பக்கத்திலேயே கருப்புக் கட்டம் கட்டி அந்த எச்சரிக்கையை அச்சிடுகிறார்கள். நம் ஊரில் மருந்துக் கடைக்காரர் ஸ்ட்ரிப்பைக் கத்தரிக்கோலால் வெட்டி, பழுப்புக் கவரில் போட்டு, மேலே 'இரவு 1' என்று எழுதிக் கொடுத்துவிடுவார். பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் அந்தத் தாளை வாங்குகிறவர் கண்ணால் கூடப் பார்ப்பதில்லை. உங்கள் மகள் அதைத் தேடிப் படித்திருக்கிறாள். அதைவிட, படித்ததை உங்களிடம் வந்து சொல்லியிருக்கிறாள். இந்த இரண்டாவது விஷயத்தைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கருப்புக் கட்டம் வந்த கதையைத் தெரிந்துகொண்டால்தான் அது எதைச் சொல்கிறது என்று புரியும். இன்று உங்கள் மகள் போடும் மாத்திரையின் மூத்த அக்கா என்று சொல்லத்தக்க ஃப்ளூவாக்ஸெடின், 1987 கடைசியில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 1990-இல் அங்குள்ள சில மருத்துவர்கள் ஆறு நோயாளிகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். அந்த ஆறு பேருக்கும் மாத்திரை தொடங்கிய பிறகு, அதுவரை இல்லாத அளவுக்குக் கடுமையான தற்கொலை எண்ணம் வந்திருந்தது. ஆறு பேரை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்றார்கள். 1991-இல் கூடிய நிபுணர் குழுவும் போதிய ஆதாரம் இல்லை என்று சொல்லிக் கலைந்தது.

பன்னிரண்டு வருடம் கழித்து, 2003-இல், பேராக்ஸெடின் என்ற இன்னொரு மாத்திரையைக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்த சோதனைகளின் தரவுகளை பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அதிகாரிகள் மறுபடி புரட்டினார்கள். அதில் ஒரு சொல் அவர்கள் கண்ணை உறுத்தியது. பக்கவிளைவுப் பட்டியலில் 'உணர்ச்சித் தடுமாற்றம்' என்ற பொருள்படும் ஒரு தலைப்பு. பார்த்தால் ஏதோ அழுகை, கோபம் என்று தோன்றும். உள்ளே போய்ப் பார்த்தால், உயிரை விடப்போகிறேன் என்று சொன்ன பிள்ளைகளும், அதற்கு முயன்ற பிள்ளைகளும் அந்தத் தலைப்புக்குள்தான் இருந்தார்கள். தற்கொலை என்ற சொல் பட்டியலில் இல்லாததால் அது எண்ணிக்கையிலும் வரவில்லை.

அவர்களை நாம் ரொம்பவும் பழிக்க முடியாது. நம் வீடுகளில் அதைத் 'தப்பான முடிவு' என்கிறோம். 'விபரீதமா ஏதும் பண்ணிக்கப் போறா' என்கிறோம். நம் செய்தித்தாள்களில் பல வருடமாக 'தீராத வயிற்றுவலி' என்ற ஒரு காரணம் ஓடிக்கொண்டிருக்கிறது, கவனித்திருப்பீர்கள். இத்தனை பேருக்கு அப்படி என்னதான் வயிற்றுவலி என்று யாரும் கேட்பதில்லை. சிலருக்கு நிஜமாகவே வலி இருந்திருக்கும். பலருக்கு வேறு எதையோ மூடிவைக்க அந்த வயிற்றுவலி உதவியிருக்கும். முயற்சி செய்து பிழைத்தவர் மேல் வழக்குப் போடும் சட்டம் ரொம்ப காலம் இருந்ததும் இப்படி மூடிவைப்பதற்கு ஒரு காரணம். 2017-இன் மனநலப் பராமரிப்புச் சட்டம், அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. 2018 மே மாதத்திலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. ஆனாலும் ஆஸ்பத்திரிக்கு வரும் சொந்தக்காரர்கள் இன்னமும் "தெரியாம மாத்திரையை மாத்திப் போட்டுட்டா டாக்டர்" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள்.

கதைக்கு வருகிறேன். அமெரிக்க மருந்து நிர்வாகம் அந்தக் குறிப்புகளை எல்லாம் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கொடுத்தது. யார் மாத்திரை சாப்பிட்டார், யார் மருந்தே இல்லாத வெறும் மாவு மாத்திரை சாப்பிட்டார் என்று தெரியாமலேயே ஒவ்வொரு சம்பவத்தையும் புதிதாகத் தரம் பிரித்தார்கள். மொத்தம் 24 சோதனைகள், 4,400-க்கும் மேற்பட்ட குழந்தைகள், வளரிளம் பருவத்தினர். மாவு மாத்திரை சாப்பிட்டவர்களில் 100-க்கு 2 பேரிடம் தற்கொலை எண்ணமோ அது சார்ந்த நடத்தையோ தெரிந்தது. நிஜ மாத்திரை சாப்பிட்டவர்களில் 100-க்கு 4 பேரிடம். அந்தச் சோதனைகளில் ஒரு பிள்ளைகூட உயிரை மாய்த்துக்கொள்ளவில்லை. இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும், பலர் விட்டுவிடுகிறார்கள். 2004 அக்டோபரில் கருப்புக் கட்டம் வந்தது. 2007-இல் அதை 24 வயது வரை நீட்டினார்கள். உங்கள் மகள் அந்த வரம்புக்குள் வருகிறாள்.

பெரியவர்களையும் சேர்த்துக் கணக்கிட்டபோது வந்த எண்கள்தான் இதில் முக்கியம் என்று நினைக்கிறேன். அந்தப் பிள்ளைகளோடு பெரியவர்கள் சுமார் 77,000 பேரையும் சேர்த்த தரவு அது. சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை நடந்த சோதனைகள். மாவு மாத்திரையோடு ஒப்பிட்டால், அந்த எண்ணமோ நடத்தையோ வந்தவர்கள் 18 வயதுக்குக் கீழே 1,000 பேருக்கு 14 பேர் கூடுதல். 18 முதல் 24 வரை 1,000-க்கு 5 பேர் கூடுதல். 25 முதல் 64 வரை 1,000-க்கு ஒருவர் குறைவு. 65-க்கு மேலே 1,000-க்கு 6 பேர் குறைவு. மாத்திரை ஒன்றுதான், வயது ஏற ஏறப் பலன் திசை மாறுகிறது. ஏன் என்பதற்கு வளரும் மூளை, இளவயதின் அவசரப் புத்தி, வெளியே தெரியாத இருமுனைக் கோளாறு (சோர்வும் அளவு மீறிய உற்சாகமும் மாறி மாறி வரும் நோய்) என்று பல விளக்கங்கள் இருக்கின்றன. எதுவும் முழுதாக நிறுவப்படவில்லை.

ஆக உங்கள் மகளைப் பொறுத்தவரை 1,000-க்கு 5. அவளுடைய கல்லூரியில் ஆயிரம் பேர் இந்த மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்று வையுங்கள். மாவு மாத்திரை கொடுத்திருந்தால் யாருக்கெல்லாம் அந்த எண்ணம் வந்திருக்குமோ, அவர்களுக்கு மேல் இன்னும் ஐந்து பேருக்கு வரும். அந்த ஐந்து பேரில் உங்கள் பெண்ணும் ஒருத்தியாக இருந்தால் எனக்குப் புள்ளிவிவரம் வேண்டாம் டாக்டர் என்பீர்கள். நியாயம்தான். அதனால்தான் நிறுத்துவதா வேண்டாமா என்பதைவிட, அந்த ஐந்து பேரை முதல் சில வாரத்திலேயே எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைப் பற்றி அதிகம் எழுதப்போகிறேன்.

அதற்கு முன்னால் உங்கள் மாமனாருக்காக ஒன்று. "இந்த மாத்திரை சாப்பிட்டவங்கதானே அதிகமா அந்த மாதிரி பண்ணிக்கறாங்க" என்று அவர் சொல்லக்கூடும். 108 ஆம்புலன்ஸில் ஏறியவர்களில் இறந்தவர்கள், ஷேர் ஆட்டோவில் ஏறியவர்களில் இறந்தவர்களைவிட எவ்வளவோ அதிகம். அதற்காக ஆம்புலன்ஸ் ஆளைக் கொல்கிறது என்று யாரும் சொல்வதில்லை. உடம்பு மோசமானவர்தான் அதில் ஏறுகிறார். அமெரிக்காவில் 65,000-க்கும் மேற்பட்டோரின் சிகிச்சைப் பதிவுகளைப் பார்த்த 2006-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, முயற்சிகள் மிக அதிகமாக இருந்தது மாத்திரை தொடங்குவதற்கு முந்தைய மாதத்தில் என்று காட்டியது. தொடங்கிய பிறகு இறங்கிக்கொண்டே போயிற்று. அதே குழு அடுத்த வருடம் வெறும் பேச்சு சிகிச்சை எடுத்துக்கொண்டவர்களைப் பார்த்தபோதும் வரைபடம் அதே மாதிரிதான் இருந்தது. ஆள் தாங்க முடியாத கட்டத்துக்கு வந்த பிறகுதான் டாக்டரிடம் வருகிறார் என்பதே அதன் பொருள். உங்கள் மகளும் நாலு மாதம் தாங்கிய பிறகுதானே வந்திருக்கிறாள்.

இந்த ஆம்புலன்ஸ் வாதத்தை வைத்துக்கொண்டு எங்கள் ஆட்களில் சிலர் கருப்புக் கட்டத்தையே தள்ளிவிடப் பார்ப்பார்கள். அது சரியில்லை. 100-க்கு 2, 100-க்கு 4 என்ற கணக்கு, சீட்டுக் குலுக்கிப் போட்டு மாத்திரையும் மாவும் கொடுத்த சோதனைகளிலிருந்து வந்தது. அங்கே இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நோயாளிகள்தான். அந்தக் கூடுதல் இரண்டை நோயின் தலையில் கட்ட முடியாது.

அந்தக் கூடுதல் எங்கிருந்து வருகிறது? இந்த மாத்திரை மனதைத் தூக்கிவிட இரண்டு முதல் நான்கு வாரம் எடுக்கும், சிலருக்கு ஆறும் ஆகும். பக்கவிளைவுகள் முதல் வாரத்திலேயே வந்துவிடும். அதனால் கொஞ்ச நாளைக்குச் சோகம் அப்படியே இருக்க, உடம்பு மட்டும் மாறத் தொடங்கும். படுக்கையை விட்டு எழவே தெம்பில்லாமல் கிடந்தவருக்குக் கொஞ்சம் தெம்பு வந்துவிட்டது, ஆனால் 'இனி என்ன இருக்கிறது' என்ற நினைப்பு போகவில்லை என்றால் என்ன ஆகும் என்று பழைய மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரியும். இந்த மாத்திரைகள் வருவதற்கு முன்பே, 1950-களின் முதல் தலைமுறை மாத்திரைகளின் காலத்திலேயே, 'தேறிவரும்போதுதான் ஜாக்கிரதை' என்று சொல்லிக் கொடுத்தார்கள்.

இரண்டாவது காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை நான் ஒருமுறை தவறவிட்டிருக்கிறேன். இந்த மாத்திரைகள் சிலருக்குத் தரும் ஒரு தவிப்புக்கு மருத்துவத்தில் அக்கதீசியா என்று ஒரு சொல் உண்டு. கிரேக்கச் சொல், உட்கார முடியாமை என்று அர்த்தம். தமிழில் இதற்கு மொழிபெயர்ப்பே தேவையில்லை, இருப்புக் கொள்ளவில்லை என்று நாமே சொல்கிறோம். ஆனால் பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவருக்கு வருகிற இருப்புக் கொள்ளாமை அல்ல இது. உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சொல்லும், நின்றால் நடக்கச் சொல்லும், நடந்தாலும் அடங்காது. தோலுக்குள் வேறு யாரோ புகுந்த மாதிரி இருக்கிறது என்று ஒருவர் என்னிடம் சொன்னார்.

நான் அரசு மருத்துவமனை ஒன்றின் மனநலப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஓ.பி.யில் ஒரு காலையில் நூறு பேர் தாண்டும். இருபது, இருபத்தொரு வயதுப் பையன் ஒருவன் வந்தான். மனச்சோர்வு என்பதில் சந்தேகமே இல்லை. மாத்திரை எழுதி, எல்லோருக்கும் சொல்வதுபோல ஒரு மாதம் கழித்து வா என்றேன். ஒன்பதாம் நாள் அவன் அம்மா மட்டும் வந்து வரிசையில் நின்றார். "ராத்திரி பூரா மாடிக்கும் கீழேயுமா நடக்கிறான் டாக்டர், சோறு முன்னாடி உட்காரவே மாட்டேங்கிறான், கேட்டா எனக்கே தெரியலன்றான்" என்றார். நோய் முற்றுகிறது போல என்று நினைத்து நான் மாத்திரையைக் கூட்டி எழுதப் பேனாவை எடுத்துவிட்டேன். பக்கத்து மேசையில் இருந்த மூத்த மருத்துவர் காதில் விழுந்து, "கூட்டாதீங்க, பையனை இப்பவே வரச் சொல்லுங்க" என்றார். வந்தான். அந்த ஒன்பது நாளில் மூன்று ராத்திரி மொட்டைமாடியில் என்ன யோசித்துக்கொண்டு நின்றான் என்பதைக் கேட்ட உடனேயே சொல்லிவிட்டான். அதுவரை யாரும் கேட்கவில்லை, நான் உட்பட. மாத்திரையை மாற்றினோம், இரண்டு மூன்று நாளில் அந்தத் தவிப்பு அடங்கியது. அந்த மூத்தவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் என்று அன்றைக்குத் தோன்றியது. அதற்குப் பிறகு 25 வயதுக்குக் கீழே யாருக்கும் முதல் சந்திப்புக்கு ஒரு மாத இடைவெளி நான் கொடுத்ததில்லை.

உங்கள் மகளிடம் அப்படி ஏதாவது இருந்தால், அதாவது புதிதாக வந்த தவிப்பு, சிடுசிடுப்பு, ராத்திரி நடை, தூக்கம் முன்பைவிட மோசமாவது, காரணமில்லாமல் பொருளை வீசுவது என்று இருந்தால், 'நோய்தான், போகப் போகச் சரியாகும்' என்று விட்டுவிடாதீர்கள். அன்றைக்கே டாக்டருக்குச் சொல்லுங்கள். முதல் வாரங்களில் மட்டும் அல்ல, பின்னால் அளவைக் கூட்டும்போதும் குறைக்கும்போதும் அதே கவனம் வேண்டும். இதற்கு நேர் எதிரானதையும் சொல்ல வேண்டும். இரண்டு நாளில் ஒரேயடியாக உற்சாகம், தூக்கமே வேண்டாம் என்கிறாள், நிறுத்தாமல் பேசுகிறாள், ஆன்லைனில் கண்டதை எல்லாம் வாங்குகிறாள் என்றால் சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். இருமுனைக் கோளாறு உள்ளவருக்கு இந்த மாத்திரையைத் தனியாகக் கொடுத்தால் அப்படி ஆகலாம். உங்கள் பக்கத்திலோ அவள் அப்பா பக்கத்திலோ யாருக்காவது அப்படி வந்ததுண்டா, குடும்பத்தில் யாராவது உயிரை மாய்த்துக்கொண்டது உண்டா என்று டாக்டர் கேட்டாரா தெரியவில்லை. கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள். மாமியார் வீட்டு ரகசியம் என்று மறைக்கிற விஷயம் இல்லை இது.

இப்போது அந்தக் கேள்விக்கு வருகிறேன்.

நம் வீடுகளில் பெரும்பாலும் கேட்பது இப்படித்தான்: "அப்படியெல்லாம் ஒண்ணும் தப்பா யோசிக்கலியே?" இந்த '-லியே' என்ற வால் இருக்கிறதே, அது கேள்வி கேட்கவில்லை, 'இல்லை' என்று சொல்லிவிடு என்று கெஞ்சுகிறது. பிள்ளைகள் நல்லவர்கள், அம்மா கெஞ்சுவதைப் புரிந்துகொண்டு "இல்லம்மா" என்று சொல்லிவிடுவார்கள். அதற்குப் பதில் டிவியை அணைத்துவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, தாத்தா இல்லாத நேரத்தில் உட்கார்ந்து, "செத்துடலாம்னு உனக்குத் தோணுதா?" என்று நேராகக் கேளுங்கள். "தோணுது"ன்னு சொன்னால், "எப்பல்லாம் தோணுது? எப்படின்னு ஏதாவது யோசிச்சு வச்சிருக்கியா?" என்று அடுத்ததையும் கேளுங்கள். குரலை உயர்த்தாமல், அழாமல். அழுகை வந்தால் வரட்டும், ஆனால் "எங்களை நினைச்சுப் பாத்தியா" என்பது மட்டும் வாயில் வரக் கூடாது. அதைச் சொன்ன அடுத்த நொடியிலிருந்து அவள் உங்களிடம் எதையும் சொல்ல மாட்டாள்.

கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்த மாதிரி ஆகாதா என்று ஒவ்வொரு தாயும் கேட்கிறார். இதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். நியூயார்க் மாநிலத்தில் ஆறு உயர்நிலைப் பள்ளிகளில் 2,342 மாணவர்களில் ஒரு பாதியினரிடம் இதை நேரடியாகக் கேட்டார்கள், மறு பாதியினரிடம் கேட்கவில்லை. 2005-இல் முடிவு வந்தது. கேட்கப்பட்டவர்களிடம் மனவேதனையும் கூடவில்லை, அந்த எண்ணமும் கூடவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்த பிள்ளைகளுக்குக் கேட்டதே கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கிறது.

ஒரு தடவை கேட்டால் போதாது. முதல் இரண்டு மாதத்துக்கு நாளுக்கு ஒரு தடவையாவது, காபி போட்டுக் கொடுக்கும்போது கேட்கிற அளவுக்குச் சாதாரணமாக, "இன்னிக்கு எப்படி இருக்கு அந்த நினைப்பு?" என்று கேளுங்கள். எரிச்சல்படுவாள். படட்டும்.

வீட்டில் மாத்திரை உங்கள் கையில் இருக்கட்டும். அவளுடையது மட்டுமல்ல, மாமனாரின் சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை, ஃப்ரிட்ஜ் மேலே டப்பாவில் கிடக்கும் பழைய மருந்துகள் எல்லாம் பூட்டிய அலமாரிக்குள் போகட்டும். தேவையில்லாத பழையதைக் கழித்துவிடுங்கள். தினமும் ஒரு மாத்திரை நீங்கள் எடுத்துக் கொடுங்கள். மருந்துக் கடையில் மூன்று மாதத்துக்குச் சேர்த்து வாங்க வேண்டாம், ஒரு வாரத்துக்கு மட்டும் வாங்குங்கள். இந்த ஒரு விஷயத்தில் கடைக்காரர் ஸ்ட்ரிப்பை வெட்டிக் கொடுக்கும் நம் ஊர் வழக்கம் உதவியாகவே இருக்கிறது. இந்த எண்ணம் பெரும்பாலும் அலை மாதிரி. ஏறும், சில நிமிடமோ சில மணி நேரமோ உச்சத்தில் நிற்கும், இறங்கும். உச்சத்தில் இருக்கும்போது கைக்கு எட்டுகிற தூரத்தில் எதுவும் இல்லை என்றால் அந்த அலை தானாகவே கடந்து போவதற்கு நேரம் கிடைக்கிறது. கிராமத்துச் சொந்தக்காரர் வீட்டுக்கு 'மாறுதலுக்காக' அனுப்புவதாக இருந்தால் அந்த வீட்டில் என்னென்ன இருக்கிறது என்று யோசித்துவிட்டு அனுப்புங்கள்.

சரி, நிறுத்தினால் என்ன? இரண்டு தனித்தனி ஆபத்து இருக்கிறது. திடீரென்று நிறுத்தினால் சிலருக்குத் தலைசுற்றல், தலைக்குள் ஷாக் அடித்த மாதிரி உணர்வு, எரிச்சல், கெட்ட கனவு என்று சில நாளோ சில வாரமோ படுத்தும். ஆறு நாள்தான் போட்டிருக்கிறாள் என்பதால் அவளுக்கு அது பெரிதாக இருக்காது. ஆனால் மாதக்கணக்கில் போட்டவர் 'இப்ப நல்லாத்தானே இருக்கேன்' என்று ஒரு நாள் காலையில் விட்டுவிடுவதை வாராவாரம் பார்க்கிறேன். உங்கள் விஷயத்தில் பெரிய ஆபத்து இரண்டாவது. மாத்திரையை எடுத்துவிட்டால் மாத்திரையால் வரும் ஆபத்து போய்விடும், நாலு மாதமாக அவளைத் தின்றுகொண்டிருக்கிற நோய் அங்கேயேதான் இருக்கும். அதற்கும் தற்கொலை ஆபத்து உண்டு, மாத்திரையால் வருவதைவிடப் பல மடங்கு. அந்த நோய்க்கு மட்டும் கருப்புக் கட்டம் போட்ட தாள் கிடையாது. 2022-இல் தமிழ்நாட்டில் மட்டும் 19,834 பேர் உயிரை மாய்த்துக்கொண்டதாக தேசிய குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்திருக்கிறது. எண்ணிக்கையில் மகாராஷ்டிரத்துக்கு அடுத்து நாம்தான். 2015-16-இல் நடந்த தேசிய மனநல ஆய்வோ, மனச்சோர்வு, பதற்றம் போன்ற பரவலான கோளாறு உள்ளவர்களில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் எந்தச் சிகிச்சையும் பெறவில்லை என்று கண்டது. நம் ஊரில் பெரும்பாலானவர்களுக்கு ஆபத்து, மாத்திரை சாப்பிட்டதால் இல்லை, அது பக்கத்திலேயே வராததால்தான்.

மாத்திரை மட்டும் போதும் என்றும் சொல்ல மாட்டேன். மனச்சோர்வு உள்ள 439 வளரிளம் பருவத்தினரை வைத்து அமெரிக்காவில் ஒரு பெரிய சோதனை நடந்தது, 2004-இல் முடிவு வந்தது. பன்னிரண்டு வாரத்தில், ஃப்ளூவாக்ஸெடினும் பேச்சு சிகிச்சையும் சேர்த்துப் பெற்றவர்களில் 71 சதவீதம் தேறினார்கள். மாத்திரை மட்டும் என்றால் 61, பேச்சு சிகிச்சை மட்டும் 43, மாவு மாத்திரை 35. பேச்சு சிகிச்சையும் சேரும்போது தற்கொலை சார்ந்த சம்பவங்களும் குறைந்தன. "பேசினா சரியாயிடுமா" என்று மாமனார் கேட்பார். பேசினால் மட்டும் சரியாகாது, பேச்சும் வேண்டும். மருத்துவ உளவியலாளரிடம் அனுப்ப முடியுமா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். தனியாரில் செலவு தாங்காது என்றால் கீழ்ப்பாக்கம் மேடவாக்கம் டேங்க் சாலையில் உள்ள அரசு மனநலக் காப்பகத்தில் இலவசமாகவே கிடைக்கும். அங்கேயா என்று உங்கள் முகம் மாறுவது எனக்குத் தெரிகிறது. 'கீழ்ப்பாக்கம் போகணுமா' என்று கிண்டல் செய்தே வளர்ந்த ஊர் இது. 1794-இல் தொடங்கிய ஒரு நிறுவனத்தை இருநூறு வருடமாக ஒரு வசைச்சொல்லாக மட்டும் வைத்திருக்கிறோம். புறநோயாளிப் பிரிவில் ஒரு காலை உட்கார்ந்து பாருங்கள். ஐ.டி. கம்பெனி அடையாள அட்டையோடு வருகிறவர்களும் உண்டு, கைக்குழந்தையோடு வருகிறவர்களும் உண்டு.

மாமனாரைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் வில்லன் இல்லை, பேத்தி மேல் உள்ள பயம் அது. 'தூக்க மாத்திரை கொடுத்து அடிமையாக்கிடுவாங்க' என்பதுதான் அவர் தலைமுறை கேள்விப்பட்டது. எஸ்சிடலோபிராம் தூக்க மாத்திரை இல்லை, போதைக்காகத் தேடி ஓட வைக்கிற மருந்தும் இல்லை. கூடவே குளோனாசெபம் மாதிரி பதற்றத்தைத் தணிக்கிற ஏதாவது சில நாளைக்கு எழுதியிருந்தால் அது பழகிப்போகக்கூடிய வேறு வகை, அதைச் சொன்ன நாளுக்கு மேல் நீட்டக் கூடாது, அந்த அளவுக்கு அவர் பயம் சரி. அவருக்கும் ஒரு வேலை கொடுங்கள். மாத்திரை அலமாரிச் சாவியை அவரிடம் கொடுத்துவிட்டால் குப்பைத் தொட்டி யோசனையை மறந்துவிடுவார் என்று நினைக்கிறேன். அவரிடம் முன்கூட்டியே பேசிவிட்டுக் கொடுங்கள்.

எண்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, இரவும் பகலும் தமிழில் பேசலாம். மாநில அரசின் சுகாதார உதவி எண் 104. 1986-லிருந்து சென்னையில் இயங்கும் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சினேகா, 044-24640050. உங்கள் மகளின் போனிலும் பதிந்து வையுங்கள், அவளுக்குத் தெரிந்தே.

கடைசிக் கேள்வி, அவளிடம் என்ன சொல்வது. நீங்கள் இதையெல்லாம் மனப்பாடம் செய்து ஒப்பிக்க வேண்டாம். "நீ படிச்சது நிஜம்தான். உன் வயசுல கொஞ்சப் பேருக்கு அப்படி வருமாம். வந்தா அது மாத்திரையோ நோயோ பண்ற வேலை, உன் மனசு சொல்ற உண்மை இல்ல. வந்தா ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும் என்னை எழுப்பு. நாளைக்கு டாக்டர்கிட்ட பேசறேன், நீயும் கூட வா" என்று சொன்னால் போதும். இன்னும் சில வாரத்துக்கு உங்கள் படுக்கையை அவள் அறையில் போட்டுக்கொள்ளுங்கள். கேட்டால், ஏசி அந்த ரூமில்தானே இருக்கு என்று சொல்லுங்கள்.